பட்டியலுக்கு வெளியே ஓர் அடியார்

சிவன் கோயில் பிரகாரங்களில் வரிசையாக நிற்கும் அறுபத்து மூவரில் பெண்கள் மூவர். காரைக்காலம்மையார் வணிகர் குலத்தவர். இசைஞானியார் சுந்தரரைப் பெற்றவர். மூன்றாமவரான மங்கையர்க்கரசியார் மட்டுமே அரசி. சோழர் வீட்டில் பிறந்து பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்கு வாழ்க்கைப்பட்டவர். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்து, சமணத்தில் இருந்த கணவரைச் சைவத்துக்கு மீட்டார் என்பது அவர் வரலாறு. சம்பந்தர் தம் பதிகத்தில் அவரைப் போற்றினார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் சேர்த்தார். சேக்கிழார் அவருக்கென்று தனிப் புராணம் வைத்தார், மூன்றே பாடல்களில். ஓர் அரசி அடியாரானதற்குப் பாட்டே போதுமான சான்றாக இருந்தது.

அவருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னோர் அரசி வந்தார். சோழர் வீட்டுக்கு மருமகளாக வந்த செம்பியன் மாதேவி. அறுபது ஆண்டுகள் சிவன் கோயில்களுக்காகவே வாழ்ந்தவர். அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே சுந்தரர் தொகையைப் பாடி முடித்துவிட்டார். பின்னால் வந்த நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் அந்தத் தொகையை விரித்துச் சொன்னார்களே தவிர, சுந்தரருக்குப் பின் வாழ்ந்த யாரையும் அதில் சேர்க்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒருவர் வழிபாட்டுக்குரியவராவதற்குப் பாட்டைத் தவிர இன்னொரு வழியும் இருந்தது. கல்லும் செம்பும், நிலமும் நெல்லும், ஆண்டுதோறும் ஒரு நட்சத்திரத்தில் நடத்த எழுதிவைத்த நிவந்தமும் சேர்ந்த வழி அது. செம்பியன் மாதேவி அந்த வழியில்தான் தெய்வமானார். அது அவர் வாழ்நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதும், தொடங்கிவைத்தவர்கள் அரண்மனைப் பெண்கள் என்பதும் நம் வரலாற்று நூல்களில் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம்.

அவரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் கும்பகோணத்தைச் சுற்றியே நிற்கிறார்கள். கொள்ளிடத்தைத் தாண்டி வடகரைக்கும் வரவேண்டும். கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகளார் என்கின்றன. மழவர் நாடு கொள்ளிடத்தின் வடகரை. இன்றைய அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி அந்த நாட்டில் இருக்கிறது. அதை ஒட்டிய கண்டராதித்தம், அவர் கணவர் பெயரால் அமைந்த சதுர்வேதிமங்கலம். அந்த ஊர்ப் பெரிய ஏரியைச் செம்பியன் மாதேவிப் பேரேரி என்றே இன்றும் அழைக்கிறார்கள். கணவர் பெயரில் ஊர், மனைவி பெயரில் ஏரி! கிழக்கே வந்தால் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும். சோழர்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பழுவேட்டரையர்களின் ஊர்கள். இன்னும் கிழக்கே விக்கிரமங்கலம், ஸ்ரீபுரந்தான், கோவிந்தபுத்தூர். கோவிந்தபுத்தூர்க் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் அம்பலவன் பழுவூர் நக்கன். செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழனிடம் பெரும்பதவியில் இருந்து, விக்கிரமசோழ மாராயன் என்று பட்டம் பெற்றவர். தாய் ஆற்றின் தென்கரையில் செய்துகொண்டிருந்த அதே வேலையை மகனின் அதிகாரி வடகரையில் செய்தார்.

அவர் சோழர் வீட்டுக்கு வந்த காலம் அமைதியானதல்ல. அவர் பெயர் 941இல், மாமனார் முதலாம் பராந்தகன் ஆட்சியிலேயே, கல்வெட்டில் வந்துவிடுகிறது. எட்டு ஆண்டுகள் கழித்துத் தக்கோலத்தில் இராஷ்டிரகூடரோடு நடந்த போரில் பட்டத்து இளவரசர் இராஜாதித்தர் யானைமேல் இருந்தபடியே இறந்தார். தொண்டை மண்டலம் கைவிட்டுப்போனது. இரண்டாம் மகனான கண்டராதித்தர் அரியணைக்கு வந்தது இப்படித்தான். வாளைவிடப் பாட்டில் அவருக்கு நாட்டம் அதிகம். தில்லைக் கூத்தனைப் பற்றி அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் ஆண்ட காலம் குறைவு. 957 வாக்கில் அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறுவன். ஆட்சி கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கும் போனது.

கணவர் இல்லை, மகனுக்கு அரியணை இல்லை, ஆட்சி கொழுந்தன் வழிக்குப் போய்விட்டது. 10ஆம் நூற்றாண்டு அரண்மனையில் இப்படி ஒரு பெண்ணுக்கு என்ன வாழ்வு மிஞ்சியிருக்கும்? அதே குடும்பத்தில் ஒரு விடை இருக்கிறது. சுந்தர சோழன் இறந்தபோது அவர் தேவி வானவன் மாதேவி உடன் தீப்பாய்ந்தார். பால்குடி மறவாத குழந்தையை விட்டுவிட்டுப் போனார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் பெருமையாகப் பாடுகிறது. அவர் பெற்ற பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் இராஜராஜன். செம்பியன் மாதேவி அந்த வழியில் போகவில்லை. கணவர் மறைந்த பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இது. கைம்பெண்ணாகப் பொதுவெளியில் நின்று, தம் பெயரிலும் கணவர் பெயரிலும் ஆணை கொடுத்து, சிற்பிகளையும் கணக்கர்களையும் நிலங்களையும் ஆண்டு, அத்தனை காலம் மதிப்போடு வாழலாம் என்று அவர் காட்டினார். அவருக்குப் பின் சுந்தர சோழன் மகள் குந்தவை வந்து நிற்க இடம் இருந்ததென்றால், அதில் இவருடைய பங்கு உண்டு.

970களின் தொடக்கத்தில் மகன் அரியணை ஏறினான், உத்தம சோழன் என்ற பெயரில். அதற்கு முன் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டிருந்தான். அந்தக் கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்கிறது. அவர்களுடைய உறவினரின் சொத்துகள் பறிமுதலானது இராஜராஜன் ஆட்சியின் தொடக்கத்தில். வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. அதன் பின்னணியில் அரசியின் நிலையைப் பார்த்தால் போதும். 985இல் மகன் இறந்து, கொலையுண்டவனின் தம்பி இராஜராஜன் பட்டத்துக்கு வந்த பின்னும் செம்பியன் மாதேவியின் கோயில் பணி நிற்கவில்லை. மேலும் 16 ஆண்டுகள் நடந்தது. அவருடைய பேரன், உத்தம சோழன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராஜராஜனிடம் கோயில் நிர்வாகத்தை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். அரியணை இரண்டு கிளைகளுக்கிடையே மாறி மாறிப் போனபோதும் இரண்டு பக்கமும் அவரைப் பெரியவராகவே வைத்திருந்தது. கல்வெட்டுகள் அவரை உடைய பிராட்டியார் என்று சொல்வதில் ஒருநாளும் மாற்றமில்லை.

இந்த இடத்தில் கல்கியைத் தொடாமல் போக முடியாது. தமிழ் வாசகர் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் செம்பியன் மாதேவி, பொன்னியின் செல்வனில் வெண்ணிற ஆடையுடன் வரும் தவமாது. மகன் அரசாளக் கூடாது, சிவபக்தனாகவே இருக்கட்டும் என்று உறுதியாக நிற்கும் தாய். அழகான படைப்பு அது. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் அவர் எடுப்பித்த கோயில்களைத் தேடிப் போகிறார்கள், அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் கல்வெட்டுகள் காட்டும் பெண் வேறொருவர். மகனின் ஆட்சிக் காலம்தான் அவர் மிகுதியாகக் கட்டிய காலம். மகனைத் தம் வயிற்றில் பெற்ற பெருமையை அவருடைய ஆவணங்களே முன்னால் வைக்கின்றன. அரசியலிலிருந்து ஒதுங்கிய துறவி என்று அவரைப் பார்ப்பது அவருக்கு மரியாதை செய்வதாகத் தோன்றலாம். அது அவருடைய ஆற்றலைக் குறைத்துக் காட்டுகிறது.

அவர் கட்டியவை என்ன? செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கியது முதல் வேலை. தேவாரத் திருத்தலங்கள் பல அப்போது செங்கல்லால் ஆனவை, பழுதுபட்டவை. திருநல்லம் என்ற கோனேரிராஜபுரம், திருக்கோடிக்காவல், தென்குரங்காடுதுறை என்ற ஆடுதுறை, திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் என்ற விருத்தாசலம், திருவக்கரை என்று ஏறத்தாழ பத்துக் கோயில்களை அவருடைய பணி என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். தேவார மூவர் பாடிய ஊர்களாகத் தேடிப் பிடித்துக் கல்லில் நிலைநிறுத்தியிருக்கிறார். பாடல் பெற்ற தலம் என்ற எண்ணத்துக்கு ஒரு திட்டமாகவே உருக்கொடுத்தவர்களில் அவர் முன்னோடி. விருத்தாசலத்தில் உத்தம சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கருவறையோடு ஸ்நபன மண்டபம், கோபுரம், சுற்றாலை, பரிவார ஆலயங்கள் என்று முழு வளாகத்தையும் அவர் செய்ததைச் சொல்கிறது.

திருக்கோடிக்காவல் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பழைய கோயிலைப் பிரித்துக் கல்லில் கட்டும்போது, அங்குமிங்கும் கிடந்த கற்களில் பல்லவர், பாண்டியர் காலத்து எழுத்துகள் இருந்தன. நந்திவர்மன் காலத்தில் யாரோ ஒருவர் விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னும், நிருபதுங்கன் காலத்தில் இன்னொருவர் கொடுத்த நிலமும் அவற்றில் இருந்தன. கொடுத்தவர்கள் செத்து நூறு ஆண்டுக்கு மேலாகியிருக்கும். அவர்களை ஆண்ட பல்லவர்களை வென்றுதான் சோழர் எழுந்தார்கள். அந்தக் கற்கள் இனி உதவாது என்று அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் படித்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டி, இதுவும் ஒரு பழங்கற்படி என்று குறித்துவைத்தார்கள். படியெடுத்தது என்பதை மறைக்காமல் சொன்ன நேர்மை அது. தோற்ற அரச மரபின் கொடைகளும் தெய்வத்துக்குக் கொடுத்தவையே, அவற்றை அழிக்க யாருக்கும் உரிமையில்லை என்ற நிர்வாக அறமும் அதில் இருக்கிறது. சில பத்தாண்டுகள் கழித்து இதே முறை அரியலூர்ப் பக்கம் திருமழபாடியில் பின்பற்றப்பட்டது. இராஜராஜன் ஆணையால் விமானத்தைப் பிரித்தபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துவைத்து, இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் வெட்டினார்கள். இன்று திருப்பணி என்ற பெயரில் சுவர்களில் மணல் பீய்ச்சியடித்து எழுத்துகளைத் தேய்த்த கோயில்களைப் பார்க்கும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண் இட்ட ஒழுங்கை நாம் கைவிட்டுவிட்டோமே என்று வேதனையாக இருக்கிறது.

கோனேரிராஜபுரத்துத் தென்சுவரில் ஒரு சிறு புடைப்புச் சிற்பம் உண்டு. லிங்கத்தின் முன் அமர்ந்து ஒருவர் வழிபடுகிறார். கீழே எழுத்து: மாதேவடிகளார் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் இந்தக் கற்றளியை எழுந்தருளுவித்து, கண்டராதித்தர் வழிபடுவதாக இதைச் செய்வித்தார் என்கிறது. கோயிலைக் கட்டிய சிற்பியின் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனான அரசரண சேகரன்; இராஜகேசரி மூவேந்த வேளான் என்று பட்டம் பெற்றவர். தொழிலாளியின் பெயரைச் சுவரில் ஏற்றிய அரசி அவர்.

சுவர்களில் அவர் கொண்டுவந்த மாற்றமும் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு முந்தைய சோழர் கோயில்களில் கருவறைச் சுவரின் கோட்டங்கள் குறைவு. இவர் கோயில்களில் அர்த்தமண்டபச் சுவரும் சேர்ந்து கோட்டங்கள் பெருகுகின்றன. பிள்ளையார், அகத்தியர், அர்த்தநாரி, பிட்சாடனர், துர்க்கை, இவர்களோடு தென்புறத்தில் நடராஜர். ஆடவல்லானைக் கோயில் சுவரில் வழக்கமான இடத்தில் நிறுத்தியது இவர் காலத்துக் கோயில்கள்தான் என்று எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் முதல் பலரும் காட்டியிருக்கிறார்கள். தில்லைக் கூத்தன் சோழர் குலச் சின்னமாக வளர்ந்ததில் அவருக்குள்ள பங்கைப் பத்மா கைமல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கணவர் தில்லைக் கூத்தனைப் பாடினார். மனைவி அந்தக் கூத்தனை ஊர் ஊராகக் கல்லில் வைத்தார். கண்டராதித்தர் பெயர் திருமுறையில் நின்றது. அவருடைய பக்தியைச் சோழநாட்டுச் சாதாரண மனிதரின் கண்முன் நிறுத்தியது செம்பியன் மாதேவி.

இனி அவர் தெய்வமான கதை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயராலேயே ஓர் ஊர்: செம்பியன் மாதேவி. அங்கே கைலாசநாதர் கோயில். அவர் பிறந்த நட்சத்திரமான கேட்டையில் அங்கே சிறப்பு வழிபாடும் அன்னமும் நடக்க உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் வைத்தார்கள். அவர்களில் மழபாடித் தென்னவன் மாதேவி ஒருவர். பழுவேட்டரையர் மகள் ஒருவர். இரண்டு பெயர்களும் இந்த அரியலூர் மண்ணுக்கு நெருக்கமானவை. மாமியாரின் பிறந்தநாளை, அவர் உயிரோடிருக்கும்போதே, கோயில் திருநாளாக்கியவர்கள் மருமகள்கள். அரசர்கள் தம் பிறந்த நட்சத்திரத்தில் விழா எடுப்பது புதிதல்ல. ஒரு கைம்பெண்ணுக்கு அந்த மரியாதையைப் பெண்களே சேர்ந்து செய்தார்கள் என்பதைத் தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

1001இல், இராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டில், திருவக்கரைக் கோயிலைக் கற்றளியாக்கிய பணியோடு அவர் தடம் முடிகிறது. 1019இல், முதலாம் இராஜேந்திரன் ஆட்சியில், அதே செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவர் படிமம் எழுந்தருளுவிக்கப்பட்டு அதற்கு வழிபாட்டு வசதிகளும் செய்யப்பட்டன. விழாவில் தொடங்கியது திருமேனியில் முடிந்தது. பக்தியில் சிறந்த ஒருவர் தெய்வ வரிசைக்குப் போக இங்கே எந்தத் தலைமைப் பீடத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. ஊர்ச் சபையும், அரண்மனையும், பூசைக்கு எழுதிய நிலமும் போதும்.

வேறு நாடுகளில் இது வேறுவிதமாக நடந்தது. 6ஆம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டரசி ராடகுண்ட் அரசனை விட்டு விலகி, ப்வாத்தியே நகரில் கன்னியர் மடம் கட்டி 587இல் அங்கேயே இறந்தார். அவர் வரலாற்றை அவருடைய நண்பரும் கவிஞருமான வெனான்சியஸ் பொர்ச்சுனாட்டஸ் எழுதினார். அதே மடத்துக் கன்னி பௌடோனிவியா இன்னொன்று எழுதினார். இரண்டு நூல்களும் கிடைக்கின்றன. அற்புதங்களும் தவமும் கண்ணீரும் நிறைந்தவை. நம் அரசிக்கு அப்படி ஒரு சரிதம் எழுதப்படவில்லை. அவர் அழுததோ, கனவு கண்டதோ, நோய் தீர்த்ததோ எங்கும் இல்லை. இருப்பது எல்லாம் அளவுகள்: எவ்வளவு நெல், எத்தனை விளக்கு, எந்த நந்தவனம், திருப்பதிகம் பாடுவோருக்கு எவ்வளவு. உணர்ச்சியற்ற சான்று என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுவே நெருக்கமாக இருக்கிறது. மற்றவர்கள் அவரைப் பற்றிக் கட்டிய கதை நமக்குக் கிடைக்காமல், அவர் செய்த காரியம் நேராகக் கிடைக்கிறது.

அமெரிக்காவில், வாஷிங்டனின் பிரீயர் கலைக்கூடத்தில், ஒரு மீட்டருக்கும் சற்று உயரமான செப்புத் திருமேனி ஒன்று நிற்கிறது. நீண்டு மெலிந்த இடை, சரிந்த தோள்கள், உயர்ந்த மகுடம், தொங்கவிட்ட இடக்கை. பார்வதியின் கோலத்தில் செம்பியன் மாதேவி என்று அந்தக் கலைக்கூடம் அதைக் குறிப்பிடுகிறது. கலை வரலாற்றாசிரியர் வித்யா தெகேஜியா இக்கருத்தை வலியுறுத்தியவர். அக்காலத்துச் சிற்பங்களில் ஆளடையாளம் காண்பது எவ்வளவு தூரம் இயலும் என்று கைமல் கேள்வி எழுப்பியிருக்கிறார். அரசியா, அம்மனா என்ற குழப்பமே அந்தச் சிற்பத்தின் சிறப்பு என்று நினைக்கிறேன். 1019இல் பூசை பெற்றவரை இரண்டாகப் பிரிக்க அன்றைய மக்களுக்குத் தேவை இருந்திராது. 1929இல் அந்தக் கலைக்கூடம் அதை விலைக்கு வாங்கியது. அது செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலிலிருந்து களவுபோனது என்று தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்து, மீட்கும் முயற்சியைத் தொடங்கியது. இந்த வலி விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊருக்கும் தெரியும். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் கான்பெர்ராவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பி வந்தார். களவுபோன திருமேனி திரும்பும் என்பதற்கு அரியலூர் மாவட்டமே சான்று. உடைய பிராட்டியாரும் திரும்ப வேண்டும். ஊரில் இன்றும் சித்திரைக் கேட்டையில் அவருக்கு விழா நடக்கிறது; மங்கையர்க்கரசியாரின் குருபூசையும் அதே சித்திரையில்தான், ரோகிணியில்.

இரு அரசியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. மங்கையர்க்கரசியாரின் பெருமை ஒரு சமயப் போரோடு பிணைந்தது. அனல் வாதம், புனல் வாதம், கழுவேற்றம் என்று அந்தக் கதையில் தோற்றவர்கள் இருக்கிறார்கள். செம்பியன் மாதேவியின் அறுபது ஆண்டுப் பணியில் எதிரி என்று யாருமில்லை. அவர் சைவர், முழுச் சைவர். ஆனால் அவர் கட்டியவை எதையும் வீழ்த்திக் கட்டியவையாக வரலாற்றில் பதிவாகவில்லை. விக்கிரமங்கலத்தில் சோழர் காலச் சிவன் கோயிலும், புத்தர் சிலையும், சமண தீர்த்தங்கரர் சிலையும் ஒரே ஊரில் கிடைத்திருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். சோழர் உச்சத்துக்கு ஏறிய காலத்தில் சைவம் அரண்மனைச் சமயம். மற்றவையும் அதே மண்ணில் இடம் பெற்றிருந்தன. செம்பியன் மாதேவிக்குப் பேத்தி முறையான குந்தவை இதை ஒரே ஊரில் செய்து காட்டினார். இராஜராஜபுரம் என்று அன்று பெயர் பெற்ற தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் மூன்று கோயில்களை எடுப்பித்தார். தாதாபுரத்துக் கல்வெட்டுகள் திருவக்கரைப் பணி முடிந்து சில ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்டவை. இரண்டு ஊர்களும் இன்று ஒரே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்த்துவிட்டு வரலாம்.